நெட்டோடைப் பூங்காவை மூட மறுப்பு உண்டா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊர்ப் பூங்காவை நிர்வகிக்கிற பூங்கா வட்டத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஒரு காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது இல்லை.

வட்டம் வருவதற்கு முன்னால் எங்கள் நெட்டோடைப் பூங்கா இருந்த லட்சணத்தை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கும். நான்தான் அதற்கு மேற்பார்வையாளர். பெயர் உலகம்மாள். நான்கு சிமெண்டு பெஞ்சு, அதில் மூன்றுக்குக் கால் இல்லை. ஒரு சறுக்கு மரம், பங்குனி சித்திரையில் அதில் தோசை வார்க்கலாம். நாற்பத்தெட்டு டிகிரி அடிக்கிற ஊரில் ஒதுங்க நிழல் இல்லாமல் ஜனங்கள் ஏ.டி.எம். அறைக்குள் போய் நின்றுகொண்டு, பணம் எடுப்பது போல பாவனை செய்தார்கள்.

எங்கள் பேரூராட்சியிடம் இடம் இருந்தது, வேறொன்றும் இல்லை. எட்டு மைல் தள்ளி சீவலக்கோட்டை. பெரிய ஊர், பணம் இருந்தது, கையகல இடம் கிடையாது. தட்டான்பாறையில் குளம் நிறையத் தண்ணீர், பராமரிக்க ஆள் இல்லை. மூன்று ஊரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே காய்ந்தது போதும் என்று கடைசியில் ஒன்று சேர்ந்தார்கள். மூன்று ஊருக்கும் ஒரே பூங்கா வட்டம், ஒரே நிர்வாகக் குழு, ஒரே பொதுப் பை. வீட்டு வரியோடு கொஞ்சம் போட்டு எல்லோரும் அந்தப் பையை நிரப்பினார்கள்.

பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் நடந்தது. ஐந்தே வருடத்தில் நெட்டோடைக்கு அறுபத்தொரு மரம் வந்தது. வந்தது என்றால் கன்றாக இல்லை, வளர்ந்த மரமாகவே. சாலை போட வெட்டவேண்டிய மரங்களை வேரும் மண்ணுமாக அள்ளி எடுத்துவந்து இன்னோர் இடத்தில் நட்டுவிட்டுப் போகிற இயந்திரம் ஒன்றை வட்டம் வாங்கியிருந்தது. காலையில் வெயிலாக இருந்த இடத்தில் சாயங்காலம் புங்க மரம் நின்றது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து அழுதேன்.

பொதுப் பை என்றால் யாருக்கு எவ்வளவு என்று சச்சரவு வரத்தானே செய்யும்? அதைத் தவிர்க்கத்தான் தென்றல் என்ற கணினி வந்தது. பெஞ்சுகளுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றை வைத்தார்கள். உட்காருகிறவரின் இருதயத் துடிப்பையும் மூச்சையும் அது படிக்கும். பெயர் கேட்காது, முகம் பார்க்காது. மனிதர்கள் எவ்வளவு அமைதியாகிறார்கள் என்று கணக்கிட்டு, பூங்காவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று சாந்த மதிப்பெண் போடும். மதிப்பெண் கூடினால் நிதி கூடும். மூன்று மாதம் தொடர்ந்து நாற்பதுக்குக் கீழே போனால் பூங்காவை மூடிவிட்டு, மரங்களை நல்ல மதிப்பெண் வாங்கும் பூங்காவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். காகிதத்தில் எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்.

நெட்டோடைக்காரர்கள் பூங்காவுக்கு வருவதே சண்டை போடத்தான் என்பது மட்டும் காகிதத்தில் இல்லை.

அடிதடி என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் நான்கு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு நான் மணி அடிக்கும்வரை வாய்ச்சண்டை. சுக்குக் காப்பிக்குக் கருப்பட்டியா வெல்லமா என்பதில் தொடங்கி, நிலாவில் குடியிருக்கிறவர்களுக்கு ஊராட்சித் தேர்தல் வேண்டுமா என்பது வரைக்கும் போகும். ஒரு பக்கம் மந்திரமூர்த்தி அண்ணாச்சி. நாற்பது வருடம் காற்றாலைகளின் உச்சியில் ஏறி வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர், காற்றை எதிர்த்துப் பேசிப் பேசித் தொண்டை அகலமாகிவிட்டது. எதிர்ப்பக்கம் ஜெபமணி டீச்சர். முப்பத்துநான்கு வருடம் கணக்கு நடத்தியவர், குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் ஆளை நறுக்கிவிடுவார். இவர்கள் இரண்டு பேரையும் சுற்றி நாற்பது ஐம்பது பேர். நிழலுக்கு ஒதுங்கியவன், பஸ்ஸுக்கு நிற்கிறவள் எல்லோரும் ஐந்து நிமிடத்தில் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்திருப்பார்கள்.

அதற்கு ஒரு முறை உண்டு. எதிராளி சொன்னது சரி என்று மனசுக்குப் பட்டுவிட்டால் எழுந்து நின்று எல்லோர் காதிலும் விழும்படி "சரி" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு எல்லோருக்கும் சுண்டல் வாங்கித் தர வேண்டும். மனசுக்குச் சரி என்று பட்ட பிறகும் வம்புக்கு இல்லை என்று சொல்கிறவனை இங்கே யாரும் மனுசனாக மதிப்பதில்லை. அண்ணாச்சி பதினோரு வருடத்தில் இரண்டே தடவைதான் சுண்டல் வாங்கியிருக்கிறார். இரண்டும் டீச்சரிடம் தோற்றது.

வட்டத்தின் பொறியாளர் பெனாசிர் ஒரு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். முதல் மாதம் முப்பத்துமூன்று, இரண்டாவது மாதம் முப்பத்தொன்று. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் நோட்டீஸ் என்றாள்.

"எங்க ஆளுக சந்தோசமாத்தானே இருக்காவ, உங்க தென்றலுக்குக் கண்ணு தெரியலையா?" என்று கேட்டேன்.

"அதுக்குக் கண்ணே இல்லக்கா. நெஞ்சு வேகமா அடிச்சா அமைதி இல்ல, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். வந்து உக்காந்த முதல் அஞ்சு நிமிசத்தக் கணக்குல எடுக்காது. அதுக்கப்புறம் துடிப்பு அடங்கணும்."

"அஞ்சு நிமிசத்துக்கு அப்புறம்தான் எங்களுக்கு ஆரம்பமே ஆகும், பிள்ள."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அதிகாரி என்பது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டாள். அவள் ஊரான சீவலக்கோட்டைப் பூங்காவுக்கு எண்பத்திரண்டு மதிப்பெண். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஆளுக்கொரு பெஞ்சு, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கு உயிர் இருக்கிறதா என்று தென்றலைக் கேட்டால்தான் தெரியும்.

அடுத்து நடந்தது என் தப்பு. ஒரே ஒரு மாதம் அடக்கமாக இருந்து பூங்காவைக் காப்பாற்றிவிடலாம் என்று நான்தான் எல்லோரையும் கெஞ்சினேன். "இங்கு ஒருவரை ஒருவர் மறுத்துப் பேச வேண்டாம்" என்று பலகை எழுதி வாசலில் மாட்டியதும் நான்தான். மரங்களுக்காக எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் அண்ணாச்சி வந்து உட்கார்ந்து, இன்றைக்கு வெயில் அதிகம் என்றார். நேற்றைவிட இரண்டு டிகிரி குறைவு என்பது டீச்சருக்குத் தெரியும், காலையிலேயே பார்த்துவிட்டு வந்திருந்தார். உதடு துடித்தது. "ஆமா" என்றார். அந்த ஒரு ஆமாவைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். சுண்டல்காரர் அரைப் பானையைத் திருப்பிக் கொண்டுபோனார்.

மூன்றாம் நாள் அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்றேதான் செய்தார் என்று பின்னால் என்னிடம் ஒப்புக்கொண்டார். டீச்சரைப் பார்த்து, "பூஜ்யம்லாம் ஒரு எண்ணே கிடையாது" என்றார். கணக்கு டீச்சரிடம்! பூங்காவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஜெபமணி டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார், "ஆமா" என்றார், நடந்து வெளியே போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. டீச்சர் வராததால் அண்ணாச்சி மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

மாதக் கடைசியில் மதிப்பெண் இருபத்துநான்கு. ஒருத்தரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, ஆனால் சொல்லவந்ததை விழுங்கி விழுங்கி எல்லோர் நெஞ்சும் முன்னைவிட வேகமாக அடித்திருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. நோட்டீஸ் வந்துவிட்டது.

நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். மகன் ஓசூரில் இருக்கிறான், இவர் தனி ஆள். குளிர்ந்த அறை, மெத்தை நாற்காலி, பேச்சுத் துணைக்கு வீட்டுக் குரல் என்று ஒரு கருவி. மகன் வாங்கி மாட்டியிருந்தான். டீச்சர் என்ன சொன்னாலும் அது ஆமாம் என்றது. சுவரில் தென்றலின் வீட்டுத் தகடு ஒன்று பச்சையாக எரிந்தது. மதிப்பெண் தொண்ணூற்றுநான்கு. அவ்வளவு பெரிய எண்ணை நான் எந்தப் பூங்காவிலும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை பூங்காவை மூடுவது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம், கட்டாயம் வரவேண்டும் என்று கெஞ்சினேன். டீச்சர் இளைத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் கண் எங்கேயோ இருந்தது.

"நான் இங்க நல்லாத்தான் இருக்கேன், உலகம்மா."

"ஆமாம், டீச்சர் நன்றாக இருக்கிறார்" என்றது வீட்டுக் குரல்.

மரம் போனால் வேறு ஊரில் தழைக்கும், இந்த அம்மாவை எந்த இயந்திரம் அள்ளிக்கொண்டுபோய் நடும்? அன்றைக்குத்தான் எனக்குப் பூங்கா வட்டத்தின் மேல் அந்தக் கோபம் வந்தது. என் மேல் அதைவிட அதிகமாக வந்தது. நேராகப் போய் என் பலகையைக் கழற்றி அடுப்புக்குப் போட்டேன்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு ஊரே வந்துவிட்டது. மரம் பெயர்க்கிற இயந்திரம் வாசலுக்கு வெளியே நின்றது. வட்டத்தின் தலைவர் கோமதிநாயகம், சீவலக்கோட்டைக்காரர், கோப்போடு வந்திருந்தார். ஆள் கெட்டவர் என்றால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நல்ல மனுசன், பொறுமைசாலி, எல்லோரையும் பெயர் கேட்டுப் பேசினார். பெனாசிர் எழுந்து விதியைப் படித்தாள். பொதுமக்களின் ஒவ்வொரு மறுப்புக்கும் குழு பதில் சொல்ல வேண்டும். பதிலை ஏற்காமல் ஒருவராவது மறுப்பில் நின்றால் கூட்டம் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்படும். கூட்டம் முடியும்வரை பூங்காவை மூடக் கூடாது. இதற்கு முன் தட்டான்பாறையில் ஒரு சின்னப் பூங்காவை மூடியபோது கூட்டம் பதினோரு நிமிடத்தில் முடிந்ததாம்.

இதைக் கேட்டதும், எவனாவது ஒருத்தன் சும்மா "ஏற்கவில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதுமே என்று உங்களுக்குத் தோன்றும். வேறு ஊர் என்றால் அதைத்தான் செய்திருப்பார்கள். எங்கள் ஆட்களைப் பற்றித்தான் சொன்னேனே. சரியான பதிலைக் கேட்டுவிட்டு வாய் கூசாமல் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வராது.

மரம் பட்டுப்போகாதா என்றார் ஒருவர். இதுவரை பெயர்த்த முந்நூறில் இரண்டுதான் போனது என்று கோமதிநாயகம் ஒவ்வொன்றாகச் சொன்னார். "சரி" என்று அவர் உட்கார்ந்தார். சீவலக்கோட்டைப் பூங்காவுக்குப் போகத் தூரமாயிற்றே என்றாள் ஒருத்தி. அரை மணிக்கொரு இலவச பஸ், உள்ளே குளிர்ச்சி, குடிக்கத் தண்ணீர். "சரி." சுண்டல்காரருக்கு? வாசலிலேயே கடை. "சரி." முப்பத்துநான்கு மறுப்பு, முப்பத்துநான்கு நல்ல பதில். ஒவ்வொரு சரிக்கும் என் நெஞ்சில் ஒரு கடப்பாரை இறங்கியது.

கடைசியாக மந்திரமூர்த்தி அண்ணாச்சி எழுந்தார். அங்கே வந்தால் எங்களைப் பேச விடுவீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கோமதிநாயகம் அதற்கும் தயாராக வந்திருந்தார். பேச்சுக்கென்றே தனி மண்டபம் கட்டித் தருகிறோம், அங்கே தென்றலின் தகடே இருக்காது, தொண்டை கிழியப் பேசலாம் என்றார். வரைபடத்தையும் காட்டினார்.

அண்ணாச்சி வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார், குறை கண்டுபிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. "சரி" என்றார், உட்கார்ந்தார்.

பெனாசிர் கையிலிருந்த தென்றலின் திரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பினாள். நெட்டோடையின் மதிப்பெண் முதல் தடவையாகப் பச்சைக்கு வந்திருந்தது. எல்லோருடைய துடிப்பும் அடங்கிவிட்டது. அவள் கண்ணில் தண்ணீர்.

வேறு யாருக்காவது மறுப்பு உண்டா என்று கோமதிநாயகம் கேட்டார். மூன்று தடவை கேட்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது தடவை கேட்டபோது, கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஜெபமணி டீச்சர். எப்போது வந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. மரங்களிடம் சொல்லிக்கொண்டு போகத்தான் வந்ததாகப் பிற்பாடு சொன்னார்.

"எனக்கு மறுப்பு இருக்கு" என்றார். குரல் உயரவில்லை. "மண்டபம் கட்டித் தாரோம்னு சொல்லுதீங்க. மண்டபத்துக்குப் பேசணும்னு நினைக்கவன்தான் வருவான், அது கூட்டம். இங்க அப்படி இல்ல. வெயிலுக்கு ஒதுங்க வந்த எவனோ ஒருத்தன் காதுல நம்ம பேச்சு விழுந்து, அவன் திரும்பி, 'அம்மா, அது தப்பு'ங்கான். அதுக்கு நிழல் வேணும், ரோட்டோரம் வேணும், அவனுக்கு வேற சோலி இருக்கணும். அத நீங்க எந்த மிசின வச்சு அள்ளிட்டுப் போவீய?"

கோமதிநாயகம் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. ஆறுதல் தாரோம், ஆறுதல் தாரோம்ங்கீங்க. ஒரு மாசத்துக்கு மேல நான் வீட்டுல ஆறுதலாத்தான் இருந்தேன். தொண்ணூத்திநாலு மார்க்கு. என் சர்வீஸ்ல ஒரு பிள்ளைக்கும் நான் அவ்வளவு மார்க்கு ஈசியாப் போட்டதில்ல. நான் என்ன சொன்னாலும் வீடு ஆமாங்குது. மகனும் போன்ல ஆமாங்கான். ஆமான்னு சொல்லுதவன் காதுகுடுத்துக் கேக்கணும்னு ஒண்ணும் இல்ல, ஐயா. இல்லன்னு சொல்லணும்னா, நான் சொன்னத அவன் முழுசாக் கேட்டிருக்கணும்லா? இங்க ஒரு மனுசன் பதினோரு வருசமா என்கிட்ட இல்லன்னு சொல்லுதாரு."

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. நான் வெட்கமில்லாமல் முந்தானையால் மூக்கைச் சிந்தினேன்.

கோமதிநாயகம் கோப்பைப் புரட்டினார். பிறகு அதை மூடிவைத்துவிட்டு, "இதுக்கு என்கிட்ட பதில் இல்ல, டீச்சர்" என்றார். கூட்டம் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்று பெனாசிர் அறிவித்தாள். குரல் கீச்சென்று வந்தது. ஜனங்கள் கைதட்டக்கூட மறந்து நின்றபோது, மந்திரமூர்த்தி அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"டீச்சர் சொன்னதுல பாதி தப்பு."

பூங்கா கொதித்தது. எப்படித் தப்பு என்று ஒரு கூட்டம், மண்டபத்துக்கும் சோலி உள்ளவன் வரத்தான் செய்வான் என்று இன்னொரு கூட்டம். டீச்சர் கைப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு முகமெல்லாம் சிவந்து நின்றார், இருபது வயது குறைந்தவர் போல இருந்தார். கோமதிநாயகம் கிளம்ப எழுந்தவர், இரண்டடி வைத்துவிட்டு நின்றார். திரும்பினார். "பாதி தப்புன்னா எந்தப் பாதி?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ஏழு மணிக்கு நான் மணி அடித்தபோது அவருடைய டிரைவர் காருக்குள் தூங்கிப்போயிருந்தார். இயந்திரம் ஒரு வேரைக்கூடத் தொடாமல் திரும்பிப் போனது.

அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. போன சனிக்கிழமை நாற்பத்தொன்பதாவது கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பொய் மறுப்பு ஒன்றுகூடக் கிடையாது, ஒவ்வொரு மாதமும் உண்மையாகவே யாருக்காவது ஏதாவது ஒத்துவராமல் போய்விடுகிறது. நெட்டோடையில் அதற்கா பஞ்சம்? மதிப்பெண் இன்னும் முப்பதுக்குப் பக்கத்தில்தான். நிதி குறைவுதான், புது பெஞ்சு கிடைக்காது, தரையில் உட்காருகிறோம். தரையில் தகடு இல்லை. கோமதிநாயகம் ஒவ்வொரு மாதமும் பதிலோடு வருகிறார், இதுவரை ஒன்பது தடவை சுண்டல் வாங்கியிருக்கிறார்.

நேற்று பெனாசிர் வந்தாள். சீவலக்கோட்டைப் பூங்காவைப் பற்றி ஒரு மனு, குழுவுக்குக் கொடுக்கும் முன் நான் பார்க்க வேண்டும் என்றாள். அந்த ஊர்க்காரர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "எங்கள் பூங்கா எண்பத்திரண்டு மதிப்பெண் வாங்குவது உண்மைதான், குளிர்ச்சிக்கும் சுத்தத்துக்கும் குறைவில்லை, வட்டத்துக்கு நன்றி" என்று தொடங்கியது. அதற்குக் கீழே ஒரே ஒரு கோரிக்கை இருந்தது. "எங்கள் பூங்காவையும் மூடப்போவதாக உடனே ஒரு நோட்டீஸ் கொடுத்து, மாதாமாதம் கூட்டம் நடத்த வேண்டும்."

முதல் கையெழுத்து பெனாசிருடையது.